மரபு இசையையும் டான்ஸ் இசையையும் கலந்து, இரண்டையும் கெடுக்காமல் எடுத்த ஆல்பம் எது?

என் பதில், மோரி கான்டேயின் 'அக்வாபா பீச்'. 1987இல் வந்தது. ஆள் பெயர் தெரியாவிட்டாலும் மெட்டு உங்கள் காதில் விழுந்திருக்கும். 'தம்மா தம்மா லோகே', 'ஜும்மா சும்மா தே தே' என்று தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சக்கைப்போடு போட்ட இரண்டு இந்திப் பாட்டுகளுக்கும் மூலம் இந்த ஆல்பத்தில் உள்ள 'தமா'தான். நானும் நகலைக் கேட்டுவிட்டு அசலுக்கு வந்தவன். கல்யாண வீட்டு ஸ்பீக்கரில் கேட்டுச் சலித்த மெட்டை, பல வருஷம் கழித்து ஒரு கினி நாட்டுக்காரர் குரலில் கேட்டபோது முதலில் சிரிப்புதான் வந்தது.

கான்டே மேற்கு ஆப்பிரிக்க நாடான கினியில், கிரியோ குடும்பத்தில் 1950இல் பிறந்தவர். கிரியோ என்றால் வம்ச வரலாற்றையும் புகழ்ப்பாட்டையும் தலைமுறை தலைமுறையாக வாயாலேயே கடத்துகிறவர்கள். சின்ன வயதிலேயே மாலிக்கு அனுப்பப்பட்டார். அங்கே பமாகோ ரயில் நிலைய ஹோட்டலில் வாசித்த 'ரயில் பேண்ட்' குழுவில் சேர்ந்தார். அந்தக் குழுவில் அப்போதே எலெக்ட்ரிக் கிட்டாரும் சாக்ஸபோனும் உண்டு. 1973இல் அதன் பாடகர் சாலிஃப் கெய்தா விலகிப்போக, பாடும் இடம் இவருக்கு வந்தது. ஆகவே, மரபை விட்டு 'பாரிஸ் போய்க் கெட்டுப்போனார்' என்று அவர்மேல் சொல்லப்படும் குற்றச்சாட்டை நான் ஏற்பதில்லை. கலப்பு ஆப்பிரிக்காவிலேயே ஆரம்பித்தாகிவிட்டது.

அவர் கையில் இருந்த கோரா என்ற தந்தி வாத்தியத்தைப் பார்த்தால் விஷயம் இன்னும் புரியும். பெரிய சுரைக்குடுக்கையைப் பாதியாக வெட்டி, மாட்டுத்தோல் போர்த்தி, நீளக் கழி செருகி, 21 தந்திகள் கட்டியிருப்பார்கள். முன்பு தந்தியும் தோல்தான். இப்போது மீன்பிடி நைலான் நரம்பு. (அதற்கு யாரும் மரபு போச்சே என்று அழுததாகத் தெரியவில்லை!) இரண்டு கட்டைவிரல், இரண்டு ஆள்காட்டி விரல், அவ்வளவுதான் வேலை செய்யும். ஒரு சிறு சுற்று திரும்பத் திரும்ப ஓடும்; அதற்குக் கும்பெங்கோ என்று பெயர். அதன் மேல் அவ்வப்போது சரசரவென்று இறங்கும் வேகமான ஓட்டம் பிரிமின்டிங்கோ. யோசித்துப் பாருங்கள், கிளப்பில் ஆட வைக்கும் இசையும் இதைத்தானே செய்கிறது? ஒரு சுற்றைப் பிடித்துக்கொண்டு விடாமல் ஓட்டுவது. அதனால்தான் டிரம் மெஷின் வந்து உட்கார்ந்தபோது கோரா அந்நியமாக ஒலிக்கவில்லை.

இதே ஆல்பத்தின் 'யே கே யே கே' பாட்டில் இந்தக் கலப்பைத் தெளிவாகக் கேட்கலாம். அவர் ஒரு வரியை வீச, பெண்குரல்கள் அதைப் பிடித்துத் திருப்பித் தரும். அது ஊர்ப் பழக்கம். நடுவில் புகுந்து வெட்டுகிற ஊதுகுழல்கள் பாரிஸ் ஸ்டுடியோ சரக்கு. இந்தப் பாட்டு 1988இல் ஐரோப்பாவைக் கலக்கியது. பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டிய முதல் ஆப்பிரிக்க சிங்கிள் என்பார்கள். தொண்ணூறுகளில் ஹார்ட்ஃபுளோர் என்ற ஜெர்மன் ஜோடி இதை ரீமிக்ஸ் செய்து மறுபடி கிளப்புகளுக்குக் கொண்டுபோனது. அது ஆட நன்றாக இருக்கும், ஆனால் எனக்கு அதில் மனுஷ வாடை குறைவு.

எட்டுப் பாட்டும் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். 'ஆஃப்ரிக்கா 2000' இன்று கேட்டால் எண்பதுகளின் சிந்தசைசர் நெடி மூக்கில் ஏறும். 'தெனி', 'தமா' இரண்டும் அப்படியில்லை.

சரி, எங்கே தொடங்குவது என்றால், நான் தலைகீழாகச் சொல்வேன். 2004இல் அவர் மின்சார வாத்தியங்களை ஒதுக்கிவிட்டு எடுத்த 'சபூ'வை முதலில் கேளுங்கள். கோராவின் ஓட்டம் காதுக்குப் பழகட்டும். அப்புறம் 'அக்வாபா பீச்'சைப் போட்டால், அத்தனை சத்தத்துக்கு நடுவிலும் அந்தத் தந்தி எங்கே ஓடுகிறது என்று காது தானாகத் தேடிப் பிடித்துவிடும்.