தூக்கத்தில் விந்து வெளியேறுகிறது, உடம்பு மெலிகிறது. இது நரம்புத் தளர்ச்சியா? யாரிடம் கேட்பது?

பன்னிரண்டாம் வகுப்பு படிப்பதாகவும், வாரம் ஒருமுறையாவது இப்படி ஆவதாகவும், வீட்டில் வாயைத் திறக்க முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். தம்பி, இது நோயே இல்லை. பருவம் வந்த பையன்களுக்குத் தூக்கத்தில் தானாக நடப்பதுதான். சிலருக்கு வாரம் இரண்டு முறை வரும், சிலருக்கு வரவே வராது. இரண்டுமே சரிதான். கைப்பழக்கத்தாலும் நரம்பு தளராது, பின்னால் குழந்தை பிறப்பதும் கெடாது.

இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பதினாறு வயதில் நானும் இதே பயத்தில் கிடந்தேன். பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் 'இளமையில் செய்த தவறா?' என்று ஒரு நோட்டீஸ். அதைப் பார்த்து லாட்ஜ் அறை ஒன்றில் மாதம் ஒருநாள் வந்து உட்காரும் வைத்தியரிடம் போனேன். நாடி பிடித்தார். நாற்பது சொட்டு ரத்தம்தான் ஒரு சொட்டு விந்து, உனக்குப் பாதி ரத்தம் போய்விட்டது என்றார். கோடை விடுமுறையில் ஜவுளிக்கடையில் நின்று சேர்த்த 1,800 ரூபாயைக் கொடுத்து ஒரு லேகிய டப்பா வாங்கி, பரணில் பொங்கல் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். மூன்று மாதம் தின்றும் இளைத்துக்கொண்டேதான் போனேன்.

அப்புறம் காய்ச்சலுக்காக அரசு மருத்துவமனைக்குப் போனபோது, அங்கிருந்த டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு, "ராத்திரி தூங்குறியாப்பா?" என்று மட்டும் கேட்டார். அழுதுவிட்டேன். ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டே விளக்கினார். விரையில் விந்தணு நாளும் உருவாகிறது, ஒன்று முழுதாக வளர ஏறக்குறைய 70 நாள் ஆகும். வெளியேறுவது ஒரு டீஸ்பூன்கூட இருக்காது, அதிலும் பெரும்பகுதி விந்துப்பையிலும் புராஸ்டேட் சுரப்பியிலும் ஊறும் நீர். ரத்தம் குறைவதே இல்லை. என்னை இளைக்க வைத்தது பயம்தான்: இரவெல்லாம் விழித்திருந்தேன், சோறு இறங்கவில்லை.

இந்தப் பயத்துக்கு மருத்துவத்தில் பெயரே உண்டு. 1960இல் மனநல மருத்துவர் என்.என். விக் இதை 'தாத் சிண்ட்ரோம்' என்று குறித்தார். உடம்பின் சத்தைக் குறிக்கும் தாது என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஆண்மையைக் கூட்டும் மருந்து என்று விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இருந்தும் சுவரெல்லாம் நோட்டீஸ் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. பெண் பிள்ளைகளையும் வெள்ளைப்படுதலைக் காட்டி இப்படித்தான் மிரட்டுகிறார்கள். நாற்றம், அரிப்பு, நிறமாற்றம் இல்லையென்றால் அதுவும் இயல்புதான்.

சிறுநீர் போகும்போது எரிச்சல், விந்தில் ரத்தம், புண் என்று ஏதாவது இருந்தால் டாக்டரிடம் காட்டு. விரையில் திடீரென்று கடுமையான வலி வந்தால் மட்டும் வெட்கப்பட்டு விடியட்டும் என்று காத்திருக்காதே. விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம், ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் அதை எடுக்க வேண்டிவரலாம்.

நேரில் பேசத் தயக்கமாக இருந்தால் அரசின் மருத்துவ உதவி எண்ணான 104க்கு அழைத்துக் கேள். தூக்கமே வராத அளவுக்குப் பயம் இருந்தால் மனநல உதவி எண் 14416. மெலிவதற்கு ரத்தசோகை, தைராய்டு என்று வேறு காரணமும் இருக்கலாம், அதனால் ஒருமுறை அரசு மருத்துவமனையில் ரத்தம் பார்த்துவிடு. ஏற்கெனவே லேகியம் ஏதாவது வாங்கியிருந்தால் நிறுத்திவிட்டு, அந்த டப்பாவையும் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டு.