நாலு மீற்றர் அறை ஏன் இரண்டே முக்கால் ஆனது?

கேள்வி: லண்டனில் இருக்கும் மருமகன் எங்கள் புது வீட்டு பிளானை பீடிஎஃப் ஆக அனுப்பினார். ஓரத்தில் 1:100 என்று எழுதியிருக்கிறது. வீட்டுப் பிரின்டரில் எடுத்து அடிமட்டம் வைத்துப் பார்த்தால், 4 மீற்றர் என்று போட்டிருக்கும் அறை இருபத்தேழரை மில்லிமீற்றர்தான் வருகிறது. மேசன் பிளானே பிழை என்கிறார். பிரின்ற் கடையில் 'ஸ்கேல் செற்' பண்ணத் தனிக் காசு கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (வாசகி, கொக்குவில்)

பதில்: கொடுக்க வேண்டாம். பிளானில் பிழை இல்லை. நீங்கள் அளந்ததும் சரிதான்.

1:100 என்றால் தாளில் 1 மில்லிமீற்றர், நிலத்தில் 10 சென்ரிமீற்றர். உங்கள் அறை தாளில் 40 மில்லிமீற்றர் வந்திருக்க வேண்டும். வந்தது அதில் 69 வீதமளவு. அந்த எண்ணே நடந்ததைச் சொல்லிவிடுகிறது. மருமகன் ஏ3 தாளுக்கு வரைந்திருக்கிறார், உங்கள் பிரின்டரில் கிடப்பது ஏ4. ஏ3 படத்தை ஏ4 தாளுக்குள் அடக்கினால் 71 வீதமாகிவிடும். வீட்டுப் பிரின்டர்கள் விளிம்புவரை மை போடுவதும் இல்லை, சுற்றிவரச் சில மில்லிமீற்றர் விட்டுவிடும். மிச்சம் இரண்டு வீதம் அங்கே போயிற்று.

கோப்பை அடோபி ரீடரில் திறந்து பிரின்ற் கொடுக்கும்போது வரும் பெட்டியைப் பாருங்கள். 'ஃபிட்' என்பதோ 'ஷ்ரிங்க்' என்று தொடங்கும் ஒன்றோ தெரிவாகியிருக்கும். அதை 'அக்சுவல் சைஸ்' ஆக்க வேண்டும். ஆனால் ஏ4 இல் அப்படி எடுத்தால் ஓரங்கள் வெட்டுப்படும். அதனால் 'போஸ்டர்' என்பதைத் தெரிந்து, அளவை 100 வீதம் என்று வையுங்கள். படம் பல தாள்களாகப் பிரிந்து வரும், பசை போட்டு ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டுகிற பொறுமை இல்லையென்றால் பென்டிரைவில் கடைக்குக் கொண்டுபோய், "ஏ3, அக்சுவல் சைஸ்" என்று சொல்லி எடுங்கள். கடைக்காரர் 'ஸ்கேல் செற்' என்று காசு கேட்பது இந்த ஒரு கிளிக்குக்குத்தான்! ஏ3 பிரின்ற்றின் காசை மட்டும் கொடுங்கள்.

கடைக்காரரையாவது மன்னிக்கலாம். பிளானை பாஸ் பண்ணித் தருகிறேன் என்று வாசலுக்கு வரும் ஆட்களிடம்தான் கவனமாக இருக்க வேண்டும். ஏ1 தாளில் எடுக்கக் காசு கூட என்று, அதை ஏ3 க்குச் சுருக்கி போட்டோக்கொப்பி அடித்துக் கட்டாக்கிச் சபைக்குக் கொடுத்துவிடுவார்கள். நீளம் பாதியாகிவிடும், மூலையில் மட்டும் 1:100 அப்படியே நிற்கும். உண்மையில் அது 1:200. இப்படியொரு கட்டுக்கு என் கையெழுத்தும் இருந்ததால், ஒரு சபை அலுவலகத்தில் நானே நின்று விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. கணினியில் மில்லிமீற்றர் பிசகாமல் வரைந்ததைத் தாளில் அடித்து, அந்தத் தாளைச் சபை மேசையில் விரித்து ஸ்கேல் வைத்து அளக்கிறார்கள். கோப்பைத் திறந்து பார்த்தால் ஒரு நிமிட வேலை. யாரிடம் சொல்வது?

பிளானை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பச் சொல்லாதீர்கள். படமாக வந்தால் தாளின் அளவு அதில் இருக்காது. 'டொக்கியூமென்ற்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொன்று. உங்களுக்கு இது பொருந்தாது, ஆனால் கனடா உறவுகள் உள்ளவர்கள் அடிக்கடி மாட்டுப்படுகிறார்கள். அங்கேயிருந்து பிளான் அடி அங்குலத்தில் வரலாம். எட்டில் ஒரு அங்குலம் ஓர் அடிக்குச் சமம் என்று போட்டிருக்கும். ஓர் அடிக்கு 12 அங்குலம், அதை எட்டால் பெருக்கினால் 96. ஆகவே அது 1:96, 1:100 அல்ல. நாலு வீதம்தானே என்று விடக்கூடாது. பத்தடி அறை தாளில் ஒன்றேகால் அங்குலம் வரும். அதை 1:100 க்கு அடையாளமிட்ட ஸ்கேலால் வாசித்தால் பத்தடி ஐந்து அங்குலம் என்று காட்டும். தளபாடக்காரர் அந்தக் கணக்கில் அலுமாரி செய்தால், ஐந்து அங்குலம் சுவருக்குள்தான் போக வேண்டும். இதற்காகப் பிரின்ற்றை 96 வீதமாக்கிப் பார்ப்பவர்களும் உண்டு. வேண்டாம். பிரின்ற் 100 வீதத்திலேயே இருக்கட்டும், அளக்கிற ஸ்கேலை 1:96 க்கானதாக மாற்றுங்கள்.

மேசனிடம் கொடுக்குமுன் ஒரு வேலை. பிளானில் ஏதாவது ஒரு மூலையில் 100 மில்லிமீற்றரில் குறுக்காக ஒரு கோடும் நெடுக்காக ஒரு கோடும் போட்டுத் தரும்படி மருமகனிடம் கேளுங்கள். பிரின்ற் எடுத்ததும் இரண்டையும் அளவுங்கள். அடிமட்டத்தின் நுனி தேய்ந்திருக்கும், அதனால் 1 சென்ரிமீற்றர் கோட்டிலிருந்து தொடங்குங்கள். அரை மில்லிமீற்றர் வித்தியாசம் வந்தால் பரவாயில்லை, தாளை இழுக்கும்போது பிரின்டர் அவ்வளவு பிசகும். அதற்கு மேல் வந்தால் 'ஃபிட்' இன்னும் மாறவில்லை. எப்படியானாலும் அத்திவாரம் வெட்டும்போது மேசன் ஸ்கேல் வைக்கவே கூடாது. பிளானில் எழுதியிருக்கும் எண்ணை வாசித்துத்தான் கயிறு பிடிக்க வேண்டும்.