துரத்தி வந்து திரும்பும் கொடுவா: செட்டை மாற்றுவதா, இழுப்பை மாற்றுவதா?

கேள்வி: ஆற்றங்கரை முகத்துவாரத்தில் இரண்டு மாதமாகக் கொடுவாவுக்கு லூர் (செயற்கை இரை) வீசுகிறேன். 20 முதல் 60 கிராம் லூர் வரை தாங்கும் 8 அடி ஹெவி ராட் (தூண்டில் கோல்), 5000 அளவு ரீல், 50 பவுண்டு பிரெய்டு (பின்னிய தூண்டில் நரம்பு), 40 கிராம் பாப்பர் (நீர்மேல் சத்தமிட்டு வரும் லூர்). இப்போது தண்ணீர் நல்ல தெளிவு. மீன் பின்னாலேயே வருகிறது, கரைக்கு நாலு அடி இருக்கும்போது திரும்பிவிடுகிறது. சில சமயம் ‘டப்’ என்று அடிக்கிறது, ஆனால் முள்ளில் ஏறுவதில்லை. கடையில் கேட்டால், “உங்களுடையது பவர் செட், இங்கே ஃபினெஸ்தான் எடுபடும்” என்று 6 அடி அல்ட்ராலைட் ராடும் 6 பவுண்டு நரம்பும் சேர்த்து 14,000 ரூபாய் சொல்கிறார்கள். பழைய செட் வீணாகாமல் இருக்க, மண்டபம் ஊரிலிருந்து தீவுப் பக்கம் படகு ஏற்பாடு செய்து தருகிறோம் என்றும் சொல்கிறார்கள். வாங்கலாமா? (உச்சிப்புளி வாசகர்)

பதில்: வாங்காதீர்கள். படகிலும் ஏறாதீர்கள். அந்த இரண்டுக்கும் காரணம் கீழே வருகிறது. முதலில் உங்கள் மீனைப் பார்ப்போம்.

பவர், ஃபினெஸ் என்ற பிரிவு அமெரிக்க நன்னீர் ஏரிகளில் பாஸ் மீன் பிடிப்பவர்களிடமிருந்து வந்தது. கனமான லூரை வேகமாக இழுத்து நிறைய தண்ணீரைத் தேடுவது பவர். சின்ன லூரை மெதுவாக, மீனின் முகத்துக்கு முன்னால் நிற்கவிட்டு ஆசை காட்டுவது ஃபினெஸ். நம் பேச்சில் சொன்னால் ஒன்று அதிரடி, மற்றது நைச்சியம். அதிரடியின் வேலை மீனைத் தேடிக் கண்டுபிடிப்பது. நைச்சியத்தின் வேலை கண்டுபிடித்த மீனைச் சம்மதிக்க வைப்பது. உங்களுக்குத் தேடும் வேலை முடிந்துவிட்டது. மீன் தானாகவே பின்னால் வந்து முகம் காட்டுகிறது. இனி அதே வேகத்தில் நூறு முறை வீசினாலும் அது திரும்பித்தான் போகும்.

பாஸ் வீடியோக்களைப் பார்த்துக் கற்பவர்கள் இங்கே ஒரு பள்ளத்தில் விழுகிறார்கள். குளிர்காற்று வந்தால் ஃபினெஸ், வெயில் ஏறினால் பவர் என்று அங்கே சொல்லும் கணக்கு அங்கே சரி. அந்த ஏரிகளில் தண்ணீர் குளிர்ந்தால் மீன் மந்தமாகும். நம் கொடுவா வேறு குடும்பம், வேறு கடல். மார்கழியிலும் இந்தக் கரையில் தண்ணீர் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. இங்கே முடிவைச் சொல்வது இரண்டே விஷயம்: தண்ணீரின் தெளிவும் நீவாடும், அதாவது நீரோட்டமும்.

தெளிவை அளக்க ஒரு வெள்ளை லூரே போதும். கரையோரம் இடுப்பளவுக்கு மேல் ஆழம் உள்ள இடத்தில் ராடு நுனியிலிருந்து மெதுவாக இறக்குங்கள். ஒரு முழத்துக்குள் கண்ணுக்கு மறைந்தால் கலங்கல். அப்போது மீன் அதிர்வையும் சத்தத்தையும் வைத்துத்தான் இரையைக் கண்டுகொள்ளும்; அதிரடிதான் சரி. இரண்டு முழம் தாண்டியும் தெரிந்தால் தெளிவு, நைச்சியம். நடுவில் இருந்தால் இருபது நிமிடம் அதிரடியாகத் தேடுங்கள்: ஓரிடத்தில் நின்று விசிறி மாதிரி ஐந்தாறு திசைக்கு இரண்டிரண்டு வீச்சு, பிறகு இருபது எட்டு நகர்வு. மீன் காட்டிய இடத்தில் நின்று வேகத்தைக் குறையுங்கள்.

வாடைக் காற்றுக் காலத்தில் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) கலங்கும், கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடாப் பக்கம்) கொந்தளிக்கும். தனுஷ்கோடிப் பக்கம் வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். ஆகவே ஒரே வாரத்தில், சில கிலோமீட்டர் இடைவெளியில், ஒரு கரையில் அதிரடியும் மறு கரையில் நைச்சியமும் வேண்டியிருக்கும். “ராமநாதபுரத்துக்கு எது நல்லது?” என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. சொல்பவர் விற்க வந்தவர்.

அடிக்கிறது, ஏறவில்லை என்றீர்களே, அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். கொடுவா கடித்து இழுக்கும் மீன் அல்ல. இரைக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து வாயையும் செவுளையும் ஒரே நொடியில் விரிக்கும். தண்ணீரோடு சேர்ந்து இரை உள்ளே உறிஞ்சப்படும். நீங்கள் கேட்ட ‘டப்’ சத்தம் அதுதான். உங்கள் ராடு விறைப்பு, 50 பவுண்டு பிரெய்டு துளியும் நீளாது, பாப்பர் 40 கிராம், நரம்பு எப்போதும் முறுக்கேறிய இழுப்பில் இருக்கிறது. உறிஞ்சினாலும் லூர் உள்ளே போக இடமில்லை. சத்தம் கேட்ட கணத்தில் நீங்களும் ராடை வெட்டி இழுக்கிறீர்கள். பாதி வாய்க்குள் வந்த லூர் வெளியே பறந்துவிடுகிறது. சத்தத்துக்கு இழுக்காதீர்கள். கையில் கனம் தெரிந்த பிறகு ராடைப் பக்கவாட்டில் வாரி எடுங்கள், மேலே தூக்க வேண்டாம். கொடுவா துள்ளித் தலையை உதறும். ராடு தாழ இருந்தால் துள்ளல் குறையும்.

இப்போது செட். இங்கேதான் கடைக்காரர் உங்களைத் தவறான பக்கம் தள்ளுகிறார். நைச்சியம் என்றால் மெல்லிய நரம்பு என்று நினைக்க வைத்துவிட்டார்கள். நைச்சியம் லூரின் எடையிலும் கையின் வேகத்திலும் இருக்க வேண்டியது. கொடுவாவின் வாய் உள்ளே உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு, செவுள் மூடியின் ஓரம் கத்தி. 6 பவுண்டு நரம்பு அங்கே இரண்டு உரசல் தாங்காது. நரம்பை அறுத்த மீன் வாயில் முள்ளோடு போய்ச் சாகும். அதற்கு 14,000 ரூபாய் வேறு.

இருக்கும் செட்டை வைத்தே தொடங்குங்கள். உங்கள் ராடு 20 கிராமுக்குக் குறைந்ததை வீசாது. 7 கிராம் ஜிக் ஹெட்டை (ஈயத் தலை வைத்த முள்) மாட்டினால் கை வலிதான் மிச்சம். எனவே 20 முதல் 25 கிராமில், நிறுத்தினால் நீருக்குள் தொங்கி நிற்கும் மின்னோ (சிறுமீன் வடிவ லூர்) ஒன்று, மெதுவாக அமிழும் ஸ்டிக்பெய்ட் (குச்சி வடிவ லூர்) ஒன்று வாங்குங்கள். மடவைக் குஞ்சு நிறம் போதும். லீடர், அதாவது பிரெய்டுக்கும் லூருக்கும் நடுவில் கட்டும் நரம்பு, 40 பவுண்டு ஃப்ளூரோகார்பன், ஒன்றரை மீட்டர். பிரெய்டையும் லீடரையும் இரட்டை யூனி முடிச்சில் சேருங்கள்: பிரெய்டு எட்டுச் சுற்று, லீடர் நான்கு சுற்று, எச்சில் தொட்டு ஈரமாக்கி இறுக்குங்கள். ஈரமில்லாமல் இறுக்கினால் சூட்டில் லீடர் பலமிழக்கும், முடிச்சிலேயே அறுகும். ஸ்விவலும் (சுழல் வளையம்) பெரிய ஸ்னாப்பும் (கொக்கி) இந்தத் தெளிவில் வேண்டாம்.

இழுப்பு இப்படி: நீவாடு வரும் திசைக்கு மேலே வீசுங்கள். இரண்டு சுற்று சுற்றி நிறுத்துங்கள். ராடு நுனியை ஒரு சாண் அசைத்து, நரம்பைச் சற்றுத் தளரவிட்டு, மூன்றிலிருந்து ஐந்து எண்ணுங்கள். கொடுவா பெரும்பாலும் அந்த நிற்கும் நேரத்தில்தான் எடுக்கும். கண் லூரில் இருக்க வேண்டாம், நரம்பில் இருக்கட்டும். நரம்பு பக்கவாட்டில் ஒரு விரல் நகர்ந்தாலும் அது மீன்.

இரண்டு மூன்று மாதம் கழித்துக் கையில் பணம் இருந்தால் ஒரே ஒரு ராடு வாங்கலாம்: 7 முதல் 7½ அடி, மீடியம், 7 முதல் 28 கிராம். கூடவே 4000 ரீல், அதற்கு இன்னொரு ஸ்பூல் (நரம்பு சுற்றும் உருளை). ஒன்றில் 20 பவுண்டு, மற்றதில் 30 பவுண்டு பிரெய்டு. அதிரடிக்கும் நைச்சியத்துக்கும் ஸ்பூலைத்தான் மாற்றுவீர்கள், செட்டை அல்ல. அப்போது 7 முதல் 10 கிராம் ஜிக் ஹெட்டும் 3 அங்குல சாஃப்ட் பிளாஸ்டிக்கும் (ரப்பர் லூர்) வீச முடியும். வடகடலில் தரையெல்லாம் தாழை, அதாவது கடற்புல். முள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஜிக் ஒவ்வொரு வீச்சிலும் புல் வாரிக்கொண்டு வரும். முள் நுனி ரப்பருக்குள் பதிந்திருக்கும் வளைமுள்ளைக் கேளுங்கள். ஆறேழு எண்ணுவதற்குள் தரை தட்டவில்லை என்றால் எடையைக் கூட்டுங்கள்.

டிராக்கை (மீன் இழுத்தால் ரீலிலிருந்து நரம்பை வழுக்கவிடும் பிடி) கையால் இழுத்துப் பார்த்து வைக்காதீர்கள். நரம்பின் பலத்தில் கால் பங்குக்கு வைக்க வேண்டும். 20 பவுண்டு என்றால் 9 கிலோ. டிராக் சுமார் இரண்டேகால் கிலோவில் வழுக்க வேண்டும். வீட்டுத் தொங்கு தராசின் கொக்கியில் நரம்பைக் கட்டி இழுத்தால் தெரிந்துவிடும்.

அந்தத் தராசை வைத்து இன்னொன்றும் செய்யுங்கள். புது பிரெய்டு வாங்கியதும் ஒரு முழம் வெட்டி, ஈர முடிச்சுப் போட்டு, அறும்வரை இழுங்கள். 30 பவுண்டு என்று அச்சிட்டது 13 கிலோவை ஒட்டி நிற்க வேண்டும். முடிச்சுக்காகக் கொஞ்சம் குறையலாம். ஐந்து கிலோவில் அறுந்தால் அது பெட்டிக்குள் வந்த ஏமாற்று. ‘எட்டு இழை, ஜப்பான் நூல்’ என்று எழுதியிருப்பதால் பலம் கூடாது. காய்கறிக் கடைத் தராசுக்கு முத்திரை கேட்கிறோம். நரம்பு மேல் போட்ட எண்ணை யாரும் கேட்பதில்லை. புகார் கொண்டுபோனால் ஒரு மேசை இன்னொரு மேசையைக் கை காட்டுகிறது. மலிவு லூர்களின் மும்முள்ளும் அதை மாட்டும் வளையமான ஸ்ப்ளிட் ரிங்கும் இதே கதை: மூன்று கிலோ மீனில் நிமிர்ந்துவிடும். வாங்கியதும் கழற்றி, தரமான ஒற்றை முள் மாட்டிவிடுங்கள். தாழையில் சிக்குவதும் குறையும், மீனை விடுவிப்பதும் சுலபம். பெரிய கொடுவாவை விட்டுவிடுங்கள். ஆணாக வளர்ந்து, பல கிலோ எடை வந்தபின் பெண்ணாக மாறும் மீன் அது. முட்டையிடுவது அந்தப் பெரியவைதான்.

கலங்கல் என்றால் அதிரடி என்று சொன்னேன். ஒரு விலக்கு உண்டு, அதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் மறுகால் பாய்ந்து ஓடை வழியாகக் கடலுக்கு வரும்போது முகத்துவாரத்தில் செம்மண் தண்ணீரும் கடல் தண்ணீரும் ஒரு கோடு போட்டது போல் பிரிந்து நிற்கும். கொடுவா அந்தக் கோட்டின் கடல் பக்கமாக, மதகுக் கல், பாலத் தூண், சாய்ந்த மரம் போன்ற ஏதாவது ஒரு மறைவில் தலையை வெள்ளத்துக்கு எதிராக வைத்து நிற்கும். அடித்து வரும் இறாலும் குஞ்சு மடவையும் தானாகவே வாய்க்கு வரும். அது ஓடித் துரத்தாது, துரத்த வேண்டிய தேவையில்லை. இங்கே கலங்கலைப் பார்த்துப் பாப்பரை வேகமாக இழுத்தால் அது மீனைக் கடந்து, வெள்ளத்தை எதிர்த்து நீந்தும். வெள்ளத்தில் அடித்து வரும் எந்த இரையும் அப்படி நீந்தாது. செம்மண் பக்கத்தில் மேலே வீசுங்கள்; லேசான ரப்பர் இறாலை வெள்ளமே கோட்டைத் தாண்டிக் கொண்டுபோகட்டும்; நீங்கள் தொய்வை மட்டும் சுற்றிக்கொள்ளுங்கள். வெள்ளம் தணிந்து கோடு கலைந்த உடனே இந்த விலக்கு முடிந்தது. வெறும் கலங்கல்தான் மிச்சம், அப்போது மறுபடி அதிரடி. கோடு இருக்கும்போது மட்டும், மறைவு இருக்கும் இடத்தில் மட்டும். வெள்ளம் பாயும் மதகின் மேல் ஏறி நிற்க வேண்டாம், பாசி வழுக்கும்.

இனி அந்தப் படகு. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. 1986 முதல் அப்படித்தான். அனுமதியின்றித் தீவில் இறங்குவதும் அங்கே மீன்பிடிப்பதும் வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். “பெர்மிட் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்பவரிடம் உங்கள் பெயரும் தேதியும் போட்ட எழுத்தைக் கேளுங்கள், காட்டமாட்டார். ரோந்து வந்தால் ராடும் ரீலும் உங்களுடையது, வழக்கும் உங்கள் மேல். பணம் வாங்கிய தரகர் கரையிலேயே நின்றிருப்பார். இப்படி மாட்டுபவர்களில் பலருக்கு எல்லை எங்கே என்று தெரியாது. ஒவ்வொரு மீனவக் கிராமத்துக் கரையிலும் எல்லையைப் படம் போட்டுத் தமிழில் ஒரு பலகை வைக்க எவ்வளவு செலவாகிவிடும்? அதைச் செய்யாமல் அபராதச் சீட்டை மட்டும் அச்சடிப்பது எந்த ஊர் நியாயம்? கொடுவாவுக்குத் தீவே தேவையில்லை. அது ஓடை மீன், முகத்துவார மீன். உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது.

அடுத்த அமாவாசையை ஒட்டிய நாட்களில் போங்கள். இந்தக் கடலில் ஏற்றத்துக்கும் வத்தத்துக்கும் (நீர் வற்றி இறங்குவது) ஒரு மீட்டர் கூட வித்தியாசம் வராது, ஆனாலும் முகத்துவாரத்தின் குறுகலில் அந்தக் கொஞ்சமே நன்றாக ஓடும். வத்தத்தின் பின்பாதி, விடியலோடு சேர்ந்து வந்தால் நல்லது. மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடங்கள், புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப் போகும். மின்னோவை நிறுத்தி ஐந்து எண்ணுங்கள். பாப்பரை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து எடுத்து வையுங்கள். ஐப்பசியில், கோடு கலைந்த கலங்கலில் அது வேண்டும்.