வரிசையாக ஒப்பிக்கும் குழந்தைக்குத் தனி எழுத்து தெரியவில்லையே, ஏன்?

வரிசையாகச் சொல்வது பாட்டு மனப்பாடம் போல; எழுத்தைக் கண்டு சொல்வது வேறு வேலை. 'அ'விலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றில்லை. எளிய கோடுகளாலான ட, ப, ம மூன்றையும் முதலில் எடுங்கள். அட்டையைக் காட்டி "இது ம" என்று ஒலியைச் சொல்லுங்கள். பிறகு "ம எது, தொடு". அது தவறாமல் வந்த பின்பே "இது என்ன?" பலர் நேரே கடைசிக் கேள்விக்குத் தாவிவிடுகிறார்கள், குழந்தை ஊகிக்கத் தொடங்குவது அங்கேதான்.

அடுத்து 'ம்' சேர்த்தால் படம், மடம் படித்துவிடலாம். ஒரு நாளைக்கு 10 நிமிடம் போதும்.

ண–ன, ல–ள இணைகளைச் சேர்த்துத் தராதீர்கள். ஒன்று நன்றாகப் பழகட்டும். கெ, கே-யில் தடுமாறுவது இயல்பு: கண் முதலில் காண்பது கொம்பை, வாய் முதலில் சொல்வதோ 'க்' ஒலியை. கொம்பைப் பிரிக்காமல் முழு எழுத்தாகவே காட்டுங்கள்.