கல்வீடும் சுண்ணாம்பும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

இத்தாலியின் உம்பிரியாவில் உங்கள் நண்பர் பழைய கல்வீட்டைப் புதுப்பிப்பது பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். நாள் முழுக்க ஊராட்சி அலுவலகம், புகையிலைக் கடை, சுண்ணாம்புக் கடை என்று அலைந்துவிட்டு, மாலையில் நான்கடிச் சுவரை மட்டும் பூசியிருக்கிறீர்கள். நான் கட்டட ஒப்பந்தக்காரன். சிமெண்ட் வாங்கியிருந்தால் அந்த அறையே அன்றைக்கு முடிந்திருக்கும். இது பழமை மீதான மோகம்தானே?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

மோகம் இல்லை. அந்தச் சுவருக்கு சிமெண்ட் ஆகாது. நீங்கள் தொழில் தெரிந்தவர் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

சுவர் அறுபது சென்டிமீட்டர் கனம். இருபுறமும் கல் வரிசை, நடுவே சல்லியும் சுண்ணாம்புக் கலவையும். அடியில் ஈரத்தடுப்பு கிடையாது. தரையிலிருந்து ஏறும் ஈரம் கல் இடுக்குகளில் உள்ள சுண்ணாம்பின் வழியாகத்தான் வெளியேறுகிறது. இடுக்கை சிமெண்டால் அடைத்தால் ஈரம் கல்லுக்குள் திரும்பும். கூடவே வரும் உப்பு உள்ளே படிகமாகிக் கல்லைப் பொருக்குப் பொருக்காகப் பெயர்க்கும். முந்தைய உரிமையாளர் வடக்குச் சுவரில் சிமெண்ட் வைத்திருந்தார். விரலால் தடவியதும் அங்கே மணற்கல் மாவாக உதிர்ந்தது. சிமெண்ட் கோடுகள் மட்டும் வலைபோலத் துருத்திக்கொண்டு நின்றன.

உம்பிரியா நிலநடுக்கப் பகுதியும்கூட. 1997 செப்டம்பர் 26 நிலநடுக்கத்தில் அங்குள்ள அசீசி நகரின் பசிலிக்கா தேவாலயத்தில் கூரை வளைவு இடிந்து நால்வர் இறந்தார்கள். செல்லானோ போன்ற மலையூர்களில் அப்போது பொறியாளர்கள் கண்டதை நீங்கள் அவசியம் அறிய வேண்டும். மரக்கூரையை எடுத்துவிட்டு கான்கிரீட் கூரையும், சுவர் உச்சியைச் சுற்றி கான்கிரீட் பெல்ட்டும் போட்டுப் பலப்படுத்திய வீடுகள் பல மோசமாகச் சிதைந்திருந்தன. கீழே இருந்தது பழைய சல்லிச் சுவர். அதன் தலையில் அத்தனை பாரம்.

அலைச்சல் வேறு விஷயம். மனுவில் ஒட்ட 16 யூரோ வருவாய் வில்லை வேண்டும், அது கிடைப்பது புகையிலைக் கடையில். வரைபடத்தில் ஜியோமெத்ரா என்னும் பதிவுபெற்ற தொழில்நுட்பர் கையெழுத்திட வேண்டும். மதியம் ஒரு மணிக்கு மூடும் கடைகள் மூன்றரை நான்குக்குத்தான் திறக்கும்.

ஆனால் அன்று நான்கடியோடு நின்றதற்கு அலுவலகமோ கடையோ காரணமில்லை, சுண்ணாம்பே காரணம். அது காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கி மெல்ல இறுகுவது. அதற்குள் காய்ந்துபோனால் பிடிப்பே இருக்காது. அதனால் வெயில் சாயும்வரை கொத்தனார் கலவையைத் தொடவே இல்லை. பழைய சிமெண்டை உளியால் எடுத்தார், தூசு தட்டினார், சுவர் குடிக்கும் மட்டும் தண்ணீர் தெளித்தார். கல்லின் மேல் மினுமினுப்பு அடங்கிய பிறகே கரண்டியை எடுத்தார். இடுக்கில் கலவையை ஆழமாகத் திணித்து, அது சற்று இறுகியதும் முரட்டுத் தூரிகையின் நுனியால் குத்திக் குத்தி அடர்த்தியாக்கினார். கடைசியில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டார். அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்குப் பொழுது போனதே தெரியவில்லை.

ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் பழைய காரை வீட்டைப் பழுதுபார்க்க யாராவது அழைத்தால், சிமெண்ட் மூட்டையைப் பிரிக்கும் முன் சுவரின் அடிப்பகுதியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே சுண்ணாம்பு இருந்தால், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். கூலி கூடுதலாகக் கேட்டாலும் கொடுங்கள்.