ரொக்கத்தை முழுசாக விட்டுவிடலாமா?

கேள்வி: நாகர்கோவிலில் வீட்டிலேயே பிளவுஸ், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் தீபாவளிக்கு வந்தபோது போனில் ஜிபே போட்டு, க்யூஆர் அட்டையும் அச்சடித்துக் கொடுத்தான். வசூல் சுலபமாகிவிட்டது. இப்போது, "இனி கையில் காசே வைத்துக்கொள்ளாதே, பால், காய்கறிக்குக்கூட போனிலேயே கொடு" என்கிறான். ஆனால் ஒருமுறை பணம் அனுப்பிய முன்பின் தெரியாத ஆள் வாட்ஸ்அப்பில் தொந்தரவு கொடுத்ததிலிருந்து எனக்குப் பயம். என் வரவு செலவை யாரெல்லாம் பார்க்கிறார்கள்? முழுசாக மாறலாமா?

பதில்: வசூலுக்குப் போனை வைத்துக்கொள்ளுங்கள். செலவில் ஒரு பங்கை ரொக்கமாகவே வைத்திருங்கள். முழுசாக மாற வேண்டாம்.

மகன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2016-ல் யூபிஐ (ஜிபே போன்ற செயலிகள் பணம் அனுப்பப் பயன்படுத்தும் ஏற்பாடு) வந்ததிலிருந்து உங்களைப் போன்ற சிறுதொழில்காரர்களுக்குச் சில்லறைத் தொல்லை, கள்ள நோட்டு பயம், "அக்கா, நாளைக்குத் தருகிறேன்" எல்லாமே குறைந்திருக்கிறது. 2020 தொடக்கத்திலிருந்து வாடிக்கையாளர் வங்கிக் கணக்கிலிருந்து யூபிஐ-யில் கொடுக்கும் பணத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணமும் பிடிப்பதில்லை.

கட்டணம் இல்லை என்றால் செயலி நடத்துகிறவர்கள் எதை வைத்துப் பிழைக்கிறார்கள்? கடன், காப்பீடு, விளம்பரம். எந்தக் கடனை யாரிடம் காட்டினால் எடுப்பார்கள் என்று கணக்குப் போட, யார் எங்கே எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்ற விவரத்தைவிட நல்ல சரக்கு வேறு இல்லை.

நீங்கள் மருந்துக் கடையில் 340 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்தால், அது உங்களுக்கும் கடைக்காரருக்கும் மட்டும் தெரியும். போனில் கொடுத்தால் உங்கள் செயலி, அதற்குப் பின்னால் உள்ள வங்கி, யூபிஐ-யை நடத்தும் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம், உங்கள் வங்கி, கடைக்காரரின் வங்கி, அவருடைய செயலி என்று இத்தனை பேரிடமும் பதிவாகிறது. என்ன மாத்திரை என்று யூபிஐ பதிவில் இருக்காது. எந்தக் கடை, எந்த நேரம், எவ்வளவு, மாதம் எத்தனை தடவை என்பதெல்லாம் இருக்கும். நோயை ஊகிக்க அது போதும். பணப்பரிமாற்ற விவரங்களை இந்தியாவுக்குள்தான் சேமிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018-ல் உத்தரவு போட்டது. எங்கே சேமிப்பது என்பதற்கான விதி அது. சேமித்ததை யார் எதற்குப் பயன்படுத்தலாம் என்பது வேறு விஷயம். அதற்கான தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல்தான் வந்தது, விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன, அமலும் படிப்படியாகத்தான்.

அரசுத் துறைகளும் இந்தப் பதிவுகளைக் கேட்டு வாங்க முடியும். கர்நாடகாவில் 2025 ஜூலையில் நடந்ததைப் பாருங்கள். வணிகவரித் துறை யூபிஐ வரவுகளை எடுத்துப் பார்த்து, பொருள் விற்பவர்களுக்கான ஜிஎஸ்டி வரம்பான ஆண்டுக்கு 40 லட்சத்தைத் தாண்டியதாகத் தெரிந்த ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் ஒரு காய்கறிக் கடைக்காரரிடம் 29 லட்சம் ரூபாய் வரி கேட்டார்கள். பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது! கைமாற்று, உறவினர் அனுப்பிய பணம் எல்லாவற்றையும் வியாபாரமாகச் சேர்த்துவிட்டார்கள் என்றும் பலர் புலம்பினார்கள். பெங்களூரில் கடைகள் "யூபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்" என்று தாள் ஒட்டத் தொடங்கிய பிறகு அரசு இறங்கி வந்தது. உங்கள் மகன் அந்தத் தாள்களை நேரிலேயே பார்த்திருப்பார், கேட்டுப் பாருங்கள்.

வரியை ஒளிக்கச் சொல்லவில்லை. தையல் சேவைக் கணக்கில் வரும். அதற்கு ஜிஎஸ்டி வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம், நீங்கள் அதைத் தொட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால் தொழில் வரவும் வீட்டு வரவும் ஒரே கணக்கில் கலந்து கிடந்தால், நாளைக்கு யாராவது கேட்கும்போது பிரித்துச் சொல்ல உங்களால் முடியாது. ஆகவே தையலுக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு திறந்து, க்யூஆரை அதோடு மட்டும் இணையுங்கள்.

தனிக் கணக்குக்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கோ ஒருவரை ஏமாற்றிய பணம் நாலு கணக்கு தாண்டி, துணி தைத்த கூலியாக உங்களிடம் வந்துவிட்டால், போலீஸ் சொல்லி உங்கள் கணக்கையே முடக்கிவிடலாம். 2023-ல் கேரளாவில் சிறு கடைக்காரர்கள் பலருக்கு இப்படி ஆனது. சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைத்து மற்றதைப் புழங்க விட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் நீதிமன்றம் வரை போகும் அலைச்சல் யாருக்கு? முடங்கினாலும் அரிசி வாங்கும் பணம் வேறு கணக்கில் இருக்கட்டும்.

அடுத்து வாட்ஸ்அப் ஆள். முதலில் அவரைப் பிளாக் செய்யுங்கள். உங்கள் அட்டை தனிநபர் கணக்கின் க்யூஆராக இருக்க வேண்டும். அப்படியென்றால் உங்கள் போன் நம்பரே பல இடங்களில் முகவரியாகத் தெரியும். அதை எடுத்துவிட்டு, வியாபாரிகளுக்கான செயலியில் பதிவு செய்து புது க்யூஆர் வாங்குங்கள். நம்பர் இல்லாத யூபிஐ முகவரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வங்கியில் உள்ள பெயர் அப்போதும் தெரியும், அதை மறைக்க வழியில்லை. முடிந்தால் தொழிலுக்கென்று தனி சிம் வாங்குங்கள். ஆர்டர் எடுக்கவும் அதுவே உதவும். உங்களுக்குப் பணம் வர வேண்டுமென்றால் ரகசிய 'பின்' (PIN) நம்பரைப் போட வேண்டிய தேவை ஒருபோதும் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்படியும் ஏமாந்துவிட்டால் அழுதுகொண்டிருக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள். பணம் கைமாறும் முன் பிடிக்க அந்த முதல் சில மணி நேரம்தான் வாய்ப்பு.

இனி ரொக்கம். வெளியாரைவிட வீட்டுக்குள் இருப்பவர்களிடம்தான் பணத்தின் அந்தரங்கம் முதலில் போகிறது. நம் வீட்டுப் பெண்கள் அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் சேர்த்த சிறுவாட்டுப் பணத்துக்கு யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டியிருந்ததில்லை. அம்மாவுக்கு மருந்து, தங்கைக்குக் கைமாற்று, மகளுக்கு ஒரு கம்மல் என்று அது பாட்டுக்குப் போய் வரும். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றபோது அதெல்லாம் வெளியே வந்து, எத்தனையோ வீடுகளில் "இவ்வளவு வைத்திருந்தாயா?" என்ற விசாரணை நடந்தது. எல்லாமே போனில் என்றால் அந்த விசாரணை தினமும் நடக்கலாம். பாஸ்புக்கை யார் வேண்டுமானாலும் புரட்டலாம், போனை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். சிறுவாட்டை விட்டுவிடாதீர்கள்.

சின்னச் செலவுக்கு போன்தான் வசதி என்றால் யூபிஐ லைட் வைத்துக்கொள்ளலாம். செயலிக்குள்ளேயே கொஞ்சம் பணத்தை முன்கூட்டி ஏற்றி வைக்கும் பர்ஸ் மாதிரி அது. அதிகபட்சம் 5,000 ரூபாய் ஏற்றலாம், ஒரு தடவைக்கு 1,000 வரை பின் இல்லாமல் கொடுக்கலாம். பாஸ்புக்கில் ஏற்றிய தொகை மட்டும்தான் வரும், பால்காரரும் பூக்காரரும் வரமாட்டார்கள். செயலிக்கு எல்லாம் தெரியும் என்பது மாறாது. போன் பூட்டையும் கவனமாக வைத்திருங்கள்.

ஆத்திர அவசரத்துக்கும் நோட்டு வேண்டும். 2025 ஏப்ரல் 12 அன்று நாடு முழுக்க யூபிஐ மணிக்கணக்கில் தடுமாறியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையில் கரண்ட் இல்லை, டவர் இல்லை, பால் பாக்கெட் வாங்கக் கையில் காசு வைத்திருந்தவர்களே பிழைத்தார்கள். ரொக்கத்தைக் கிட்டத்தட்ட கைகழுவிவிட்ட ஸ்வீடன்கூட, 2024 நவம்பரில் வீடு வீடாக அனுப்பிய நெருக்கடிக் காலக் கையேட்டில் ஒரு வாரத்துக்காவது ரொக்கம் வைத்திருங்கள் என்கிறது. நீங்களும் ஒரு வாரச் செலவுக்கு வையுங்கள். முழுக்க 500 ரூபாய் நோட்டாக வேண்டாம், 50, 100 என்று இருக்கட்டும்.

செயலியை அமைத்துக் கொடுத்தது மகன் என்பதால் பின் நம்பர் அவருக்கும் தெரிந்திருக்கும். மாற்றிவிடுங்கள். "வீட்டுக்குள் என்னம்மா ரகசியம்?" என்று கேட்பார். அவருடைய ஜிபே கணக்கை ஒருநாள் காட்டச் சொல்லுங்கள், பேச்சை மாற்றிவிடுவார்.