கோழிகள் கூண்டில் அடையவில்லையா? மருந்து கூண்டுக்குத்தான்

கேள்வி: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் 12 நாட்டுக்கோழிகள் வளர்க்கிறோம். பனஞ்சட்டம், மூங்கில் வைத்து ஓலை வேய்ந்த கூண்டு. சில நாட்களாக சாயங்காலமானால் கூண்டுக்குள் போகாமல் முருங்கை மரத்தில் ஏறிக்கொள்கின்றன. அடைக்கோழியும் முட்டையை விட்டு எழுந்துவிட்டது. இரண்டு முறை வேப்பெண்ணெய் தடவினோம், பலனில்லை. பகலில் பிடித்துப் பார்த்தால் உடம்பில் ஒன்றுமே தெரியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பகலில் ஒன்றும் தெரியவில்லை என்கிறீர்களே, அதுதான் முக்கியமான துப்பு. பேனாக இருந்தால் கோழியின் மேலேயேதான் குடியிருக்கும். ஆசனவாய்ப் பக்கம் இறகை விலக்கினால் மஞ்சளாக ஓடும், இறகின் அடியில் ஈர் கொத்துக்கொத்தாக ஒட்டியிருக்கும். உங்கள் கூண்டில் இருப்பது பெரும்பாலும் செள்ளு, அதாவது ரத்தம் குடிக்கும் மிகச் சிறிய பூச்சி. பகலெல்லாம் சட்டத்தின் இடுக்கில் கிடந்து, ராத்திரி ஏறி ரத்தம் குடித்துவிட்டுத் திரும்பவும் இடுக்குக்கே போய்விடும். நீங்கள் தடவிய எண்ணெய் அதன் மேல் படவே இல்லை.

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் டார்ச்சோடு போய், கோழி உட்காரும் சட்டத்தின் அடிப்புறத்தை வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் சிவப்புக் கோடு விழுந்தால் செள்ளுதான். சட்டம் சுவரைத் தொடும் மூலையில் சாம்பல் தூவினாற்போல் இருப்பது அது உரித்த தோலும் எச்சமும்.

கூண்டைக் காலியாகப் போட்டால் பட்டினியில் செத்துவிடும் என்று நம்ப வேண்டாம். ரத்தமே இல்லாமல் மாதக்கணக்கில் தாங்கும்.

மழை விட்ட நாளாகப் பார்த்து, காலையிலேயே ஆரம்பியுங்கள். கோழிகளைக் கொடாப்பில் (கோழி கவிழ்க்கும் கூடையில்) கவிழ்த்துத் தள்ளி வையுங்கள். அடைக்கூடையின் வைக்கோலையும் கூரையின் அடி ஓலையையும் உருவி, தூரத்தில் கொண்டுபோய்க் கொளுத்துங்கள். ஓலையை அப்படியே விட்டுவிட்டுச் சட்டத்துக்கு மட்டும் மருந்தடிப்பதால்தான் பல வீடுகளில் பத்தே நாளில் செள்ளு திரும்ப வருகிறது. மூங்கில் துவாரமும் அப்படித்தான். முனையைச் சிமெண்டால் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மூங்கிலையே மாற்றிவிடுங்கள். சட்டங்களைக் கழற்றி இடுக்கு இடுக்காகக் கொதிநீர் ஊற்றுங்கள், செள்ளின் முட்டையும் சாகும். ஓலைக் கூண்டில் தீப்பந்தமோ மண்ணெண்ணெயோ வேண்டவே வேண்டாம்.

காய்ந்த பிறகு, கால்நடைக்கென்று விற்கும் 1.25 சதவீத டெல்டாமெத்ரின் மருந்தை லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி கலந்து, மூட்டுகளிலிருந்து சொட்டும்வரை தெளியுங்கள். பாட்டிலில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். தீவனத் தட்டு, தண்ணீர்ச் சட்டி, முட்டை எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. முகத்துக்குத் துணி, கைக்கு உறை அவசியம். மீன்களுக்கு இது கடும் விஷம் என்பதால் மீதியை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டாதீர்கள். தென்னைக்கோ காய்கறிக்கோ வாங்கி வைத்த பூச்சிமருந்தைக் கூண்டில் அடிக்கவும் கூடாது. நன்றாகக் காய்ந்தபின் மறுநாள்தான் கோழிகளை விட வேண்டும்.

இடுக்கின் ஆழத்தில் தப்பிய செள்ளு முட்டை நம் ஊர் வெயிலில் ஒரு வாரத்துக்குள் பொரித்து வளர்ந்துவிடும். அதனால் 7-ஆம் நாளும் 14-ஆம் நாளும் மறுபடி தெளித்தே ஆக வேண்டும். முதல் தெளிப்போடு நிறுத்தினால் செலவு வீண்.

சட்டத்தைத் திரும்பப் பொருத்தும்போது சுவரில் செருகாதீர்கள். நான்கு கால் வைத்து, ஒவ்வொரு காலையும் பழைய எண்ணெய் ஊற்றிய டின்னில் நிறுத்துங்கள். செள்ளு ஏறும் வழி அடைபடும். கோழி அதில் வாய் வைக்காதபடி டின்னை மூடாக்கிட வேண்டும்.

விறகுச் சாம்பலும் காய்ந்த செம்மண்ணும் சம அளவில், கூடவே ஒரு கைப்பிடி வசம்புப் பொடி: புழுதிக் குளியலுக்கு இது நல்லது. பேனுக்கு உதவும், செள்ளுக்கு இதை மட்டும் நம்ப முடியாது.

இறக்கையின் அடியில் கருத்த சிறு புள்ளிகளாக ஒட்டியிருந்தால் அவை உண்ணிக் குஞ்சுகள். கூண்டுக்குச் செய்யும் வேலை இதேதான். ஆனால் கோழி பச்சையாகக் கழிந்து, தலை தொங்கி, கொண்டை வெளுத்தால் உண்ணி பரப்பும் காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு ஊசி வேண்டும், அன்றைக்கே மிருகாசுபத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தை நீங்களாக ஊற்றிவிட்டு அந்த முட்டையைச் சாப்பிட வேண்டாம். மருத்துவர் கொடுத்தால், எத்தனை நாள் முட்டையை ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.